சவுண்ட்பாரா, ஐந்து ஸ்பீக்கரா? முதலில் அம்மாவைக் கேளுங்கள்

வானொலியில் வேலை செய்பவளிடம் உறவினர்கள் கேட்கும் கேள்விகள் மூன்று வகை. எந்த நடிகரை நேரில் பார்த்தாய் என்பது ஒன்று. என் பிள்ளைக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வாயா என்பது இன்னொன்று. மூன்றாவது கேள்வி புது வீட்டுச் சாவி கைக்கு வந்தவுடன் வரும். “டிவிக்கு சவுண்ட்பார் போதுமா, இல்ல சுத்தி வைக்கிற ஸ்பீக்கர் செட்டா?” ஒலிக்கூடத்தில் ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு இதெல்லாம் அத்துப்படி என்ற நம்பிக்கை. ஊடகத் துறையில் பட்டம் வாங்கியவள் என்பதும் சேர்ந்துகொள்ளும். நானும் சளைக்காமல் பதில் சொல்லி வந்திருக்கிறேன்.

இந்த ஆண்டு கேட்டது என் தம்பி. பொங்கோலில் நாலறை பிடிஓ வீடு. அவன், அவன் மனைவி, ஒன்றரை வயது மகள், கூடவே எங்கள் அம்மா. பாலிடெக்னிக்கில் படித்த காலத்திலிருந்தே தம்பிக்கு ஓர் ஆசை. தன் வீட்டுக் கூடத்தில் முன்னால் மூன்று, பின்னால் இரண்டு என ஸ்பீக்கர் வைத்து, தலைக்குப் பின்னால் மழை பெய்கிற மாதிரி படம் பார்க்க வேண்டும். அவன் மனைவிக்கு வேறு கவலை. தரையில் ஒரு வயர்கூடத் தெரியக்கூடாது, எதையும் பிடித்து இழுக்கிற வயதில் குழந்தை இருக்கிறது. அம்மா எதுவும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

அம்மாவுக்கு 71 வயது. இரண்டு ஆண்டுகளாக, குடும்பமாக உட்கார்ந்து படம் போட்டால் அரை மணி நேரத்தில் “தூக்கம் வருதுப்பா” என்று எழுந்து அறைக்குப் போய்விடுகிறார். ஒரு காலத்தில் படம் முடிந்து பெயர்ப்பட்டியல் ஓடும்வரை அசையாதவர். அறைக்குள் போனால் தூங்குவதும் இல்லை. கைத்தொலைபேசியைக் காதருகே வைத்து ஏதாவது கேட்டுக்கொண்டிருப்பார். செய்தி புரிகிறது, தொடர் ஓரளவு புரிகிறது, படத்தில் என்ன பேசுகிறார்கள் என்பது மட்டும் புரியவில்லை. ஒவ்வொரு முறையும் “என்ன சொன்னான்?” என்று கேட்டுப் பிள்ளைகளைத் தொந்தரவு செய்ய அவருக்கு மனமில்லை. ஆகவே, சவுண்ட்பாரா ஸ்பீக்கரா என்ற கேள்வியை நான் வேறு பக்கத்திலிருந்து பார்க்க வேண்டியதாயிற்று. எதை வைத்தால் அம்மா படம் முடியும்வரை கூடத்தில் உட்காருவார்?

முதலில் தொலைக்காட்சியின் மேல் உள்ள குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். சட்டகம் மெலியும்போது ஸ்பீக்கருக்கு இடம் போய்விட்டது. இப்போதைய தொலைக்காட்சிகள் பெரும்பாலானவற்றில் ஸ்பீக்கர் நம்மைப் பார்த்து இருப்பதே இல்லை. கீழ்நோக்கி மேசை மீதோ, பின்நோக்கிச் சுவர் மீதோ பேசுகிறது. நாம் கேட்பது மேசையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பிய பேச்சு. யாராவது உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினால் எப்படி இருக்கும்? அதுதான். பழைய கனத்த பெட்டித் தொலைக்காட்சியில் படம் மங்கலாக இருந்தாலும் ஸ்பீக்கர் முகம் பார்த்துப் பேசியது. “அப்போல்லாம் நல்லா கேட்டுச்சு” என்று பெரியவர்கள் சொல்வதை வெறும் பழம்பெருமை என்று தள்ளிவிட வேண்டாம்.

அடுத்தது காது. நம் பேச்சில் உயிர் ஒலிகளின் பலம் பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. சொல்லைச் சொல்லாகப் பிரித்துக் காட்டும் மெய் ஒலிகளின் கூர்மை 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே. வயதாகும்போது காது முதலில் இழப்பது மேலே உள்ள பகுதியை. அதனால்தான் பெரியவர்கள் “சத்தம் கேக்குது, என்ன பேசுறாங்கன்னுதான் தெரியல” என்கிறார்கள். உயிர் கேட்கிறது, மெய் நழுவுகிறது. இந்த நிலையில் ஒலியைக் கூட்டினால் ஏற்கனவே கேட்டுக்கொண்டிருக்கும் தாழ்ந்த ஒலிகள்தான் இன்னும் பெரிதாகும். பின்னணி இசை அதிரும், குழந்தை விழித்துக்கொள்ளும், வசனம் மட்டும் அதே இடத்தில் நிற்கும்.

செய்தி புரிகிறது, படம் புரியவில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. செய்தி வாசிப்பவருக்குப் பின்னால் வேறு ஒலி இல்லை. படத்தில் வசனத்துக்கு அடியில் மழை, தெரு, வயலின் எல்லாம் ஓடுகின்றன. தமிழ்த் திரைப்படம் இந்தப் பாதையில் நெடுந்தூரம் வந்துவிட்டது. 1995ல் ‘குருதிப்புனல்’ டால்பி ஸ்டீரியோ ஒலியுடன் வந்தது. 2012 இறுதியில் முப்பரிமாண வடிவில் மீண்டும் வந்த ‘சிவாஜி’ டால்பி அட்மாஸ் ஒலியைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டு ‘விஸ்வரூபம்’ ஆரோ 3டி என்ற இன்னொரு முறையில் வந்தது. இப்படி அமைக்கப்படும் படங்களில் வசனத்துக்கென்று தனி இடம் ஒதுக்குகிறார்கள். 5.1 என்று சொல்கிறோமே, அதில் ஐந்து என்பது முன்னால் இடது, நடு, வலது. பின்னால் இடது, வலது. புள்ளிக்குப் பிந்திய ஒன்று தாழ்ந்த அதிர்வுக்கான சப்வூஃபர். வசனத்தின் பெரும்பங்கு அந்த நடு ஸ்பீக்கருக்குத்தான் போகிறது. ஐந்தையும் இரண்டாகச் சுருக்கிச் சின்ன டிவி ஸ்பீக்கரில் ஊற்றும்போது வசனமும் வயலினும் ஒரே குழாயில் வருகின்றன.

ஆக, அம்மாவைப் பொறுத்தவரை விஷயம் பின்னால் பெய்யும் மழையில் இல்லை. நடுவில் இருக்கும் ஒரு பெட்டியில் இருக்கிறது.

பெயர் ஒன்று, சரக்கு வேறு

சவுண்ட்பார் என்று கடையில் நீளமாகக் கிடப்பவை எல்லாம் ஒரே சாதி அல்ல. 2.0 அல்லது 2.1 என்று போட்டிருந்தால் அதில் நடு ஸ்பீக்கர் கிடையாது. இரண்டு பக்கமும் ஒரே வசனத்தைப் பேசி, நடுவில் பேசுவதுபோல் நம்மை நம்பவைக்கும். நட்டநடுவே உட்கார்ந்திருப்பவருக்கு அது பலிக்கும், ஓரத்தில் இருப்பவருக்குப் பலிக்காது. எங்கள் வீட்டில் அம்மா எப்போதும் ஓரத்தில்தான் உட்காருவார், அடுப்படிக்குப் பக்கமாக. 3.1 என்று போட்டிருந்தால் நடுவுக்குத் தனி ஸ்பீக்கர் உண்டு. அம்மா அப்பாவுக்கு வாங்குகிறீர்கள் என்றால் அட்டைப்பெட்டியில் முதல் எண் மூன்றுக்குக் குறைவாக இருப்பதைத் தொடவே வேண்டாம் என்பேன். விலை வித்தியாசம் சில நூறு வெள்ளியாக இருக்கலாம். அந்தச் சில நூறு வெள்ளிக்குத்தான் வசனம் புரிகிறது.

5.1.2, 7.1.4 என்று மூன்றாவது எண்ணும் இருந்தால் அது மேலிருந்து வரும் ஒலிக்கானது. சவுண்ட்பாரில் இதற்கான ஸ்பீக்கர்கள் விட்டத்தை நோக்கிப் பாடும். ஒலி விட்டத்தில் பட்டு நம்மேல் இறங்கும். இந்த விஷயத்தில் வீவக வீடு அதிர்ஷ்டசாலி. தட்டையான கான்கிரீட் விட்டம், ஏறத்தாழ 2.6 மீட்டர் உயரம், நன்றாகத் திருப்பியடிக்கும். ஆனால் பக்கவாட்டுச் சுவரில் அடித்துத் திருப்பிச் சுற்றொலி உண்டாக்கும் வித்தை நம் கூடங்களில் பாதிதான் வேலை செய்யும். காரணம் எளிது. பெரும்பாலான கூடங்களுக்கு ஒரு பக்கம் சுவர் உண்டு, மறுபக்கம் சாப்பாட்டு மேசைக்கும் அடுப்படிக்கும் திறந்து கிடக்கிறது. ஒலி அந்தப் பக்கம் போனால் திரும்பி வருவதில்லை, மீன் பொரியும் சட்டியோடு கலந்துவிடும். கடையில் நான்கு பக்கமும் அடைத்த செயல்விளக்க அறையில் கேட்ட ஹெலிகாப்டர் வீட்டுக்கு வந்ததும் ஒற்றைச் சிறகோடு பறப்பது இதனால்தான்.

பின் ஸ்பீக்கர் தனியாக வரும் சவுண்ட்பார்களும் உண்டு. ‘வயர்லெஸ்’ என்று விற்பார்கள். ஒலி வயரில்லாமல் வருகிறது என்பது உண்மைதான். மின்சாரம் வயரில்தான் வரவேண்டும். மின்கலம் உள்ள சில வகைகளை விட்டுவிட்டால், சோபாவுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் மின்செருகி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

இனி வயர் ஸ்பீக்கர். ஒரு ரிசீவர், அதிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரட்டை வயர். நுட்பம் என்று பார்த்தால் தாத்தா காலத்துச் சமாசாரம், அதுதான் அதன் பலமும்கூட. நடு ஸ்பீக்கரின் கூம்பு ஒரு சவுண்ட்பாரில் இருப்பதைவிடப் பெரியது, பெட்டி ஆழமானது, மனிதக் குரலின் நெஞ்சுக்கனம் அதில்தான் முழுதாக வரும். ரிசீவர் கெட்டால் ரிசீவரை மட்டும் மாற்றலாம். நல்ல ஸ்பீக்கர் இருபது ஆண்டுகள் உழைக்கும். நம் ஊர் ஈரப்பதத்தில் கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு ஸ்பாஞ்சாக இருந்தால் காலப்போக்கில் பொடிந்து உதிரும். ரப்பராக இருந்தால் தாங்கும். கரோசலில் பழைய ஸ்பீக்கர் வாங்குவோர் முன்வலையைக் கழற்றி அந்த விளிம்பை மெதுவாக விரலால் தொட்டுப் பார்க்கட்டும்.

சவுண்ட்பார் அப்படியல்ல. எல்லாம் ஒரே உடம்பில். உள்ளே ஒரு பலகை போனால், உத்தரவாதக் காலம் முடிந்திருந்தால், பெரும்பாலும் முழுதாகத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

இசை கேட்பதிலும் என் ஓட்டு வயருக்குத்தான். ஒரு மீட்டர் நீளப் பெட்டிக்குள் அடங்கிய இடதும் வலதும், இரண்டரை மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு ஸ்பீக்கருக்கு ஈடாகாது. அறுபதுகளின் பாடல்கள் பெரும்பாலும் ஒற்றைத் தட ஒலிப்பதிவு. அவற்றை எந்தக் கருவியில் போட்டாலும் ‘சரவுண்ட்’ பொத்தானை அணைத்துவிட்டுக் கேளுங்கள். டி.எம்.எஸ். குரலை வீடு முழுக்கத் தெளித்துக் கேட்பதில் என்ன சுகம் இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நாடா எடுத்து அளந்தபோது

விளம்பரத் தாள்களை மூடிவைத்துவிட்டு நானும் தம்பியும் அளவுநாடாவோடு காலி வீட்டுக்குப் போனோம். தொலைக்காட்சி மாட்டும் சுவரிலிருந்து சோபாவில் உட்காருபவரின் தலை வரும் இடம் 2.7 மீட்டர். தலைக்குப் பின்னால் சுவருக்கு மிச்சம் 20 சென்டிமீட்டர். சோபாவை முன்னால் இழுத்தால் நடக்க வழியில்லை. இது தம்பி வீட்டுக் குறை அல்ல, நாலறை வீட்டில் சோபா சுவரில் சாய்ந்துதான் இருக்கும்.

5.1 முறையில் பின் ஸ்பீக்கர்கள், நேர் முன்னால் பார்ப்பதைச் சுழியம் என்று வைத்தால், இருபுறமும் 110 பாகை அளவில் இருக்க வேண்டும். அதாவது காதுக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்தள்ளி. தலைக்குப் பின்னால் 20 சென்டிமீட்டர்தான் இருக்கிறது என்றால், ஸ்பீக்கர் சுவரோடு ஒட்டிக் காதருகே தொங்கும். எல் வடிவ சோபாவின் ஓரத்தில் உட்காருபவருக்கு அந்த ஒரு ஸ்பீக்கர் மட்டும்தான் கேட்கும். ரிசீவரில் ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் கொடுத்தால் அது ஒலியைத் தாமதப்படுத்திச் சமன் செய்யும் என்பது உண்மை. ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது, முன்னால் 2.7 மீட்டர், பின்னால் ஒரு மீட்டர் என்றால் ஐந்து மில்லிநொடி வித்தியாசம், அதைக் கருவி சரிசெய்துவிடும். ஆனால் அது ஒரு நாற்காலிக்குத்தான் கணக்குப் போடும். எங்கள் ஒலிக்கூடத்தில் இது சரி. அங்கே ஒரே ஒரு நாற்காலி, அதில் ஒரே ஒரு ஆள். வீட்டில் ஐந்து பேர், இதில் ஒருவர் தரையில் தவழ்கிறார்.

தம்பியின் முகம் சுருங்கியது. பிறகு வயர் விவகாரத்தைப் பேசினோம். தரையும் விட்டமும் கான்கிரீட், வெட்டிப் புதைக்க வழியில்லை. ‘பாம் ஷெல்டர்’ என்று நாம் சொல்லும் பாதுகாப்பறையின் சுவரில் துளையிடக் கடுமையான வரம்புகள் உண்டு. மிச்சம் இருப்பவை இரண்டே வழி. சுவரோரமாக வெள்ளை பிளாஸ்டிக் டிரங்கிங், அல்லது விளக்குக்காகப் போடும் பொய்க்கூரைப் பெட்டிக்குள் வயரை ஒளித்துவைப்பது. இரண்டாவது வழி சீரமைப்புக்கு முன்னால்தான் முடியும். குடியேறிய பிறகு ஆசைப்பட்டால் டிரங்கிங்தான்.

அப்போதுதான் தம்பி மனைவி ஒன்று கேட்டார். “அக்கா, வயரு எல்லாமே பின்னாடி இருக்கிற ரெண்டுக்குத்தானே? முன்னாடி மூணுக்கும் டிவி மேசைக்குப் பின்னாலேயே போயிருமே?”

கடை ஆலோசகர்கள் யாரும் சொல்லாத ஒன்று. எல்லாரும் ஐந்தா, ஒன்றா என்றே பேசுகிறார்கள். மூன்றோடு நிறுத்தக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. முன்னால் இடது, நடு, வலது, ஒரு ரிசீவர். வயர் அத்தனையும் ஒரு மேசைக்குப் பின்னால் முடிந்துவிடும். பின் ஸ்பீக்கர் இல்லை என்று ரிசீவரிடம் சொன்னால் அந்தத் தடங்களை முன்னாலேயே பிரித்துக் கொடுத்துவிடும், எதுவும் தொலையாது.

அம்மாவின் காது தேர்வு

ஆனாலும் கேட்காமல் வாங்கக்கூடாது. கடைக்கு அம்மாவையும் அழைத்துப் போனோம். சிம் லிம் ஸ்குவேரிலும் கோல்மன் ஸ்திரீட் அடெல்ஃபியிலும் ஒலிக்கருவிக் கடைகள் இருக்கின்றன. வார நாளில், கூட்டம் இல்லாத பிற்பகலில் போனால் பொறுமையாகக் கேட்கவிடுவார்கள்.

கடைக்காரர் போட்டுக் காட்டும் படத்துண்டில் எப்போதும் ஏதாவது வெடிக்கும். வெடிப்பு எந்த ஸ்பீக்கரிலும் நன்றாகத்தான் கேட்கும். அதனால் நான் என் தொழிலைப் பயன்படுத்தினேன். என் குரலிலேயே சொற்களைப் பதிவு செய்துகொண்டு போனேன். கட்டை, சட்டை, பட்டை, மட்டை. கடை, தடை, படை, சடை. பல்லி, பள்ளி. கிளி, கிழி. கலை, களை, கழை. சொற்களுக்கு அடியில் மெல்லிய இசை ஒன்றை ஓடவிட்டேன், படத்தில் ஓடுவதைப் போல. வரிசை மாற்றி மாற்றி. அம்மா தொலைக்காட்சியைப் பார்க்காமல் உட்கார்ந்து, கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இது காது மருத்துவம் ஆகாது, கருவிகளை ஒப்பிட ஒரு வழி மட்டுமே. நீங்களும் கைத்தொலைபேசியில் ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம். உச்சரிப்பு சுத்தமாக இருக்கட்டும். ழகரம் வராதவர் படித்தால் பழி ஸ்பீக்கர் மேல் விழும்.

தொலைக்காட்சியின் சொந்த ஸ்பீக்கரில் அம்மா தடுமாறினார். சட்டையைக் கட்டை என்றார், தடையைப் படை என்றார், நடுவே சிரித்துவிட்டு “விடுடி, பள்ளிக்கூடப் பிள்ளையா நான்” என்றார். நடு ஸ்பீக்கர் இல்லாத மெலிந்த சவுண்ட்பாரில் ஒலி பெரிதானது, தவறுகள் பெரிதாகக் குறையவில்லை. நடு ஸ்பீக்கர் உள்ள சவுண்ட்பாரில், குரலை முன்னே கொண்டுவரும் பொத்தானையும் அழுத்தியபோது, அநேகமாக எல்லாம் வந்தன. வயர் வைத்த மூன்று ஸ்பீக்கரில் இன்னும் ஒன்றிரண்டு கூடுதலாக வந்தன. கடைசி இரண்டுக்கும் இடையே இருந்த வித்தியாசம் சிறியது. முதல் இரண்டுக்கும் கடைசி இரண்டுக்கும் இடையே இருந்தது பெரிய பள்ளம்.

விளைவை நேர்மையாகச் சொன்னால், அம்மாவுக்காக மட்டும் என்றால் நடு ஸ்பீக்கர் உள்ள சவுண்ட்பாரே போதும். வாடகை வீட்டில் இருப்போர், சீரமைப்பு முடிந்துவிட்டோர், தனியாக வாழும் பெற்றோருக்கு வாங்குவோர் யாரும் அதற்கு மேல் அலைய வேண்டாம். குறிப்பாகத் தனியாக இருக்கும் பெற்றோர். அவர்களுக்கு ரிசீவர் வைத்துக் கொடுத்து, “முதல்ல இதை அழுத்துங்க, அப்புறம் அதை மாத்துங்க” என்று மூன்று ரிமோட்டைக் கையில் திணிப்பது பாவம். எச்டிஎம்ஐ வயரை ‘ஆர்க்’ அல்லது ‘இ-ஆர்க்’ என்று எழுதிய துளையில் செருகி, தொலைக்காட்சியின் அமைப்பில் கருவிகளைச் சேர்ந்து இயக்கும் வசதியை இயக்கிவிட்டால், டிவி ரிமோட் ஒன்றே போதும். ஒளியிழை வயரும் வேலை செய்யும், ஆனால் அதில் அட்மாஸ் வராது, பல தொலைக்காட்சிகளில் ஒலியைக் கூட்டவும் தனி ரிமோட் தேவைப்படும்.

தம்பி எடுத்தது வயர் வைத்த மூன்று. இசையும் கேட்பவன், சீரமைப்பு இன்னும் தொடங்கவில்லை, கரோசலில் நல்ல நிலையில் ரிசீவர் கிடைத்தது. விளக்குக்கான பொய்க்கூரைப் பெட்டிக்குள் சோபாச் சுவர்வரை இரண்டு வெற்றுக் குழாய்கள் போடச் சொன்னோம், உள்ளே இழுகயிறோடு. பின்னாளில் பின் ஸ்பீக்கர் வைக்கத் தோன்றினால் கயிற்றில் வயரைக் கட்டி இழுத்தால் முடிந்தது. புது வீடு கட்டமைக்கும் எல்லாருக்கும், சவுண்ட்பாரே வாங்குகிறவர்களுக்கும்கூட, நான் இதைச் சொல்கிறேன். குழாய்க்கு ஆகும் செலவு சொற்பம், பிறகு கூரையைப் பிரித்து மூடும் செலவு அப்படியல்ல. வயர் விஷயத்தில் ஏமாற வேண்டாம். 15 மீட்டருக்குள் 16 கேஜ் சாதாரணச் செம்பு வயர் தாராளம். பாம்புத்தோல் உறை போட்ட விலையுயர்ந்த வயர் உறைக்குத்தான் அழகு.

சப்வூஃபர் வாங்கவில்லை. தம்பிக்கு வருத்தம்தான், ஆனால் கணக்கு அப்படி. 40 ஹெர்ட்ஸ் அதிர்வின் ஓர் அலை எட்டரை மீட்டருக்கு மேல் நீளம். அதற்கு நம் சுவர் ஒரு பொருட்டல்ல. கீழ்வீட்டாருக்கு வசனம் கேட்காது, பாட்டு கேட்காது, ‘தும் தும்’ மட்டும் கேட்கும். அதைவிட எரிச்சலான ஒன்று உண்டா? அடியில் ரப்பர் மெத்தை வைத்தால் தரைவழி போகும் அதிர்வு குறையும், காற்றுவழி போவது போகத்தான் செய்யும். வைத்தே ஆக வேண்டும் என்பவர்கள் மூலையில் வைக்காதீர்கள், மூலை அதை இன்னும் ஊதிப் பெரிதாக்கும். இரவு 10 மணிக்கு மேல் ‘நைட் மோட்’ என்ற அமைப்பைப் போடுங்கள். உரத்த ஒலியை அடக்கி மெல்லிய ஒலியைத் தூக்கிக் கொடுக்கும். வசனத்துக்காக ரிமோட்டைத் தூக்கி, சண்டைக் காட்சிக்காக இறக்கும் கைப்பயிற்சியும் மிச்சமாகும்.

குடியேறிய பிறகு நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். முதல் வாரம் கடையில் கேட்ட அளவுக்குத் தெளிவு வரவில்லை. தம்பி ரிசீவரைச் சந்தேகப்பட்டான். நான் விட்டத்தைப் பார்த்தேன். மின்விசிறி ஐந்தாம் வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த ‘ஹூம்’ ஒலி மெல்லிய மெய் ஒலிகளை விழுங்கிவிடும். இரண்டாம் வேகத்துக்கு இறக்கினோம். ஜன்னலுக்குத் தடித்த திரை, தரையில் ஒரு பெரிய விரிப்பு. வெறும் ஓட்டுத் தரையும் வெறும் சுவரும் எதிரொலித்துச் சொற்களை மங்கடிக்கும் என்பதால் எங்கள் ஒலிக்கூடத்தில் சுவரெல்லாம் துணியும் மெத்தையுமாக இருக்கும். வீட்டில் அந்த வேலையை விரிப்பும் திரையும் சோபாவும் செய்கின்றன. விரிப்பு வாங்கிய செலவு ஸ்பீக்கர் செலவில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. எந்தச் சவுண்ட்பார் வாங்கியவருக்கும் இது பொருந்தும். வாங்கும் முன்பே செய்து பாருங்கள், சிலருக்கு வாங்கும் தேவையே இல்லாமல் போகலாம்.

கடையில் நடத்திய அந்தச் சொல் விளையாட்டு இன்னொரு வேலையும் செய்தது. எவ்வளவு நல்ல ஸ்பீக்கரிலும் அம்மா சில சொற்களைத் தவறவிட்டார், அதுவும் ஒரே வகைச் சொற்களை. “வயசாச்சுல்ல” என்று இதுவரை தள்ளிவந்தவர், தன் வாயாலேயே சட்டையைக் கட்டை என்று சொல்லக் கேட்ட பிறகு மறுக்கவில்லை. மறு வாரமே பாலிகிளினிக்குக்குப் போனோம். அங்கிருந்து காது நிபுணரிடம் அனுப்பினார்கள். இரண்டு காதிலும் உயர்ந்த ஒலிகள் குறைந்திருக்கின்றன, செவிப்புலன் கருவி உதவும் என்றார்கள். அளவெடுத்தாகிவிட்டது.

இப்போதைக்கு ரிசீவரில் நடு ஸ்பீக்கரை மட்டும் மூன்று டெசிபல் உயர்த்தி வைத்திருக்கிறோம். தம்பிக்கு அது கொஞ்சம் அதிகம், வசனம் முகத்தில் அறைகிறது என்கிறான். போன சனிக்கிழமை அம்மா ஒரு படத்தை ஓரத்திலிருந்து எழாமல் பார்த்தார். இரண்டே முறைதான் “என்ன சொன்னான்?” என்று கேட்டார், அதில் ஒரு முறை எனக்கும் புரியவில்லை, நடிகர் அப்படிப் பேசுகிறார். செவிப்புலன் கருவி அடுத்த மாதம் வருகிறது. வந்த பிறகு அதே சொற்பட்டியலை மறுபடி ஓடவிட்டு, நடு ஸ்பீக்கரை எவ்வளவு இறக்கலாம் என்று பார்க்க வேண்டும். பழைய பதிவு அம்மாவுக்கு மனப்பாடமாகிவிட்டது. புதிதாக ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.